உன் பெயரில் ஓர் உதவித்தொகை

உன் உதவித்தொகையை அவர்கள் திருடினார்கள். அந்தத் திருட்டுக்கு ரசீது எழுதிக் கொடுத்தவள் நீ.

இதை உன் முகத்துக்கு நேராகவே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சிரித்தாய். இன்றைக்குச் சிரிக்க நீ இல்லை. அதற்காக என் வாக்கியத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

இன்று காலை டைப் அடித்த ஸ்டென்சில் தாளில் ஓர் எழுத்துத் தவறிவிட்டது. சிவப்புத் திருத்தும் திரவத்தின் மூடியைத் திறந்தேன். மூக்கில் ஏறும் அந்த நகப்பூச்சு வாசனை. ஒவ்வொரு புதுப் புட்டி வரும்போதும் அந்தச் சிவப்பை உன் சுண்டுவிரல் நகத்தில் தடவிக்கொண்டு, "ஆபீஸ் செலவுல அலங்காரம்டி" என்று என் மூக்குக்கு முன்னால் ஆட்டுவாய். நீ போன பிறகு நம் இலாகாவில் புட்டி சீக்கிரம் தீர்வதில்லை. மேலே ஆடை கட்டி, பிசுபிசுவென்று இழுக்கிறது. குச்சியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். திருத்த வேண்டிய எழுத்து எது என்பதே மறந்துபோயிற்று.

நான் அடித்துக்கொண்டிருந்தது உன்னைப் பற்றிய பிரஸ் நோட். மக்கள் தொடர்பு அலுவலர் சங்கம் இளம் ஊழியர்களுக்குத் தரும் உதவித்தொகை இந்த வருடம் முதல் உன் பெயரில் வழங்கப்படுமாம். சங்கச் செயலாளர் தன் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறார். முதல் பத்தியில் உன் பெயர், உன் சேவை, உன் மறைவு. இரண்டாம் பத்தி, "இதே உதவித்தொகையை முன்பு பெற்றவரான அன்னார்" என்று தொடங்குகிறது. அந்த இடத்தில்தான் என் விரல் தடுக்கியது.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காஞ்சன்பாக்கில் தொழிற்சாலை வாசலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போலீஸ் சரிபார்ப்புக் காகிதத்துக்காகக் காத்திருந்தோம். நான் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸ், திருச்சியிலிருந்து வந்த ஒர்க்‌ஷாப் குடும்பம். நீ போலாரம். உன் தாத்தா வேலூரிலிருந்து பட்டாளத்துச் சமையல்காரராக வந்தவர். உன் அப்பாவும் அதே மெஸ்ஸில் கரண்டி பிடித்துச் செத்தார். அம்மா பட்டாளத்துப் பள்ளியில் ஆயா. "தமிழா?" என்று கேட்டேன். "ஹவ்" என்றாய். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஆமாண்டி, வீட்ல தமிழ்தான். வெளிய வந்தா இன்னா வாயில வருதோ அது" என்றாய். முதல் நாளே "டீ" போட்டுவிட்டாய்.

சேர்ந்த வாரத்திலேயே நம் மேனேஜர் ராவ் சார் ஒரு காகிதத்தைக் கொடுத்து ஸ்டென்சில் அடிக்கச் சொன்னார். மந்திரி புதுக் கூடத்தைத் திறந்து வைத்தார், தொழிலாளர்களின் உழைப்பைப் பாராட்டிப் பேசினார் என்று இருந்தது. "எப்போ சார் வந்தார்?" என்று கேட்டேன். "நாளைக்கு" என்றார். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விழா முடிந்து எழுதினால் பேப்பர்காரர்கள் பக்கத்தை மூடிவிடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் நடந்து முடிந்ததாகவே எழுதி மத்தியானமே கொடுத்துவிடுவது வழக்கம். மறுநாள் நல்ல மழை, மந்திரி வரவில்லை. பேப்பரில் வந்தார், திறந்தார், பாராட்டினார். நன்றாக வந்திருக்கிறது என்று அவர் ஆபீசிலிருந்து போன் வேறு வந்தது.

"நம்ம ஆபீஸ்ல நாளைக்கு நடக்கறதெல்லாம் நேத்தே முடிஞ்சி போச்சிடி. நாம சும்மா போயி ஆஜர் சொல்லிட்டு வரணும், அவ்ளோதான்" என்றாய். இதை வைத்தே நாம் பல மாதம் சிரித்தோம்.

சிரித்த இடத்தில்தான் அடி விழுந்தது.

அந்த உதவித்தொகை உனக்கு என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆபீசர் கிரேடுக்கு டிப்ளமா வேண்டும். மாலை வகுப்பில் சேரலாம் என்றால், ஊரின் தென்கோடியில் வேலை, வடகோடியில் வீடு. வகுப்பு முடிந்தால் போலாரத்துக்கு பஸ் கிடையாது. டிப்ளமா இல்லாவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை நாம் அசிஸ்டென்ட். பேப்பர் கத்தரித்து ஒட்டுவது, மாலைக்குச் சொல்லி வைப்பது, நிருபர்களுக்கு டீ வந்ததா என்று பார்ப்பது. சங்கம் வருடத்துக்கு ஒருவரை ஒரு வருடப் படிப்புக்கு டெல்லிக்கு அனுப்பியது, சம்பளத்தோடு லீவு. திரும்பி வந்தவர்கள் எல்லோரும் ஆபீசர்கள். அந்தக் கதவு ஒன்றுதான் இருந்தது.

விண்ணப்பத்தோடு, செய்த வேலை ஒன்றைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். நீ சைரன் விவகாரத்தை எழுதினாய். நம் தொழிற்சாலையின் சோதனைச் சைரன் அடித்தால் பக்கத்து பஸ்தி ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், விஷவாயு என்று வதந்தி. ராவ் சார் ஆங்கிலத்தில் அறிக்கை விட்டார். யாரும் நிற்கவில்லை. நீதான் மத்தியான வெயிலில் வீடு வீடாகப் போய், வாசலில் உட்கார்ந்து, உருதுவிலும் தெலுங்கிலும் பேசினாய். "பயப்பட வேணாம்னு சொன்னா எவ நம்புவா? எப்போ அடிக்கும்னு சொன்னா நம்புவா" என்று, சைரன் நேரத்தைச் சுவரில் எழுத வைத்தாய். ஓட்டம் நின்றது. அந்த அறிக்கைக்காக ராவ் சாருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

நேர்காணலில் ஒரு பெரிய மனிதர் கேட்டாராம், "நீ டெல்லிக்குப் போய்விட்டால் வீட்டில் யார் சமைப்பார்கள்?"

"இப்போ யார் சமைக்கிறாங்களோ அவங்கதான் சார். எங்கம்மா."

எல்லோரும் சிரித்தார்களாம். வந்து சொல்லும்போது நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன்களை யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் செயலாளரே போன் செய்தார். "நீதான் அம்மா. மேடையில் அறிவிக்கும்வரை வெளியே சொல்லாதே." போனை வைத்துவிட்டுத் திருத்தும் புட்டியைத் திறந்து பத்து விரலுக்கும் பூசிக்கொண்டாய். அதைச் சுரண்டி எடுக்க ஒரு மத்தியானம் பிடித்தது.

அந்த வருடம் சங்கத்தின் ஆண்டு விழா வேலைகள் நம் ஆபீசின் முறை. ஆகவே பிரஸ் நோட்டும் நம் தலையில். ராவ் சார் உன் மேஜைக்கு வந்து, "நீயே எழுதிவிடு அம்மா, உன்னைப் பற்றி உனக்குத்தானே தெரியும்" என்று கேலி செய்துவிட்டுப் போனார். நீ எழுதினாய். பலத்த கைதட்டலுக்கிடையே உதவித்தொகையைப் பெற்றுக்கொண்டார் என்று எழுதிவிட்டு, பலத்த என்ற சொல்லை அடித்தாய்.

"ஏண்டி?"

"எவ்ளோ தட்டுவாங்கன்னு தெரியாதில்ல. பொய்யா எழுதக்கூடாது."

நான் ஸ்டென்சில் அடித்தேன். நீ உருளையைச் சுற்றிப் பிரதி எடுத்தாய். ஆபீஸ் ப்யூன் யாதய்யா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே உறைகளை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பேப்பர் ஆபீஸ்களுக்குக் கிளம்பிவிட்டார்.

விழா லக்டி-கா-புல் பக்கம் ஓர் ஓட்டல் ஹாலில். அழைப்பிதழில் ஒருவருக்குத்தான் இடம் என்று போட்டிருந்தது. அம்மாவைக் கூட்டிவர முடியவில்லை என்று உனக்கு வருத்தம். கத்திரிப்பூ நிறப் புடவை. பக்கத்து வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிய பாசிமணி. நான் உன் பக்கத்தில். தலைவர் நம்பகத்தன்மையைப் பற்றி வெகுநேரம் பேசினார். பிறகு செயலாளர் ஒலிபெருக்கி முன் வந்து பெயர் படித்தார்.

அது உன் பெயர் இல்லை.

தலைவரின் தங்கை மகன். வங்கியொன்றின் விளம்பரப் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்த பையன். விழாவுக்கு முன் டீ குடித்த நேரத்தில் கமிட்டி மறுபரிசீலனை செய்ததாம். பெண், எப்படியும் கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவாள், ஒரு வருடப் படிப்பு வீணாகும் என்று முடிவெடுத்ததாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது உன் கை மட்டும்தான். ஹாலில் முதலில் தட்டிய கை உன்னுடையது. தட்டிக்கொண்டே என் காதுப் பக்கம் சாய்ந்தாய்.

"ஏய், பிரஸ் நோட் போயிடுச்சிடி."

அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் இதே தொழில். நடக்கும் முன்பே நடந்ததாக எழுதி அனுப்பச் சொல்லி நம்மைப் பழக்கியவர்கள். தங்கள் விழாவின் செய்தியும் அப்படித்தான் மத்தியானமே போயிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒரே ஆள் நீ. உன் தோள் குலுங்கியது. அழுகிறாய் என்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் காலை எல்லாப் பேப்பரிலும் நீதான். ஆங்கிலத்தில், தெலுங்கில், உருதுவில். உருதுப் பேப்பர் உன்னை மாநகரின் மகள் என்றே எழுதியது. யாதய்யா பேப்பர் கட்டை மேஜையில் போட்டுவிட்டு, "மேடம், மிட்டாய் ஏதி?" என்று கையை நீட்டினார். நீ கைப்பையைத் திறந்து அவருக்குக் காசு கொடுத்து, ஆபீசுக்கு ஜிலேபி வாங்கிவரச் சொன்னாய். "வந்தது வந்துச்சி, தின்னுட்டு அழலாம்."

ஜிலேபி வரும் முன்பே ராவ் சார் நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மெட்ராஸில் படித்தவர், நம்மிடம் தமிழில்தான் பேசுவார்.

"சங்கத்தில் கொதிக்கிறார்கள் அம்மா. நீ உன் பெயரை நீயே போட்டு அனுப்பிவிட்டாய் என்கிறார்கள்."

"செயலாளர் போன்ல சொன்னாரே சார். நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க."

"எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். அதெல்லாம் காகிதத்தில் இல்லையே." அவர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. "சூடம்மா, இங்கே பார், நான் சண்டை போட முடியாது. அடித்தவள், அனுப்பினவர், எழுதினவள் மூணு பேருக்கும் மெமோ கேட்கிறார்கள். இல்லையென்றால் ஒரு மறுப்பு. சின்ன மறுப்பு. அரை மணியில் என் டேபிளுக்கு வரணும்."

நான் கத்தினேன். தகுதி இவளுக்கு, உதவித்தொகை தலைவரின் தங்கை மகனுக்கா என்று கத்தினேன். ராவ் சார் எழுந்து கதவைச் சாத்தினார். நீ என் முழங்கையைக் கிள்ளி வெளியே இழுத்து வந்தாய்.

அரை மணிகூட நீ எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டே வரி. உதவித்தொகை பெற்றவர் பெயர் தவறுதலாக வெளியாகிவிட்டது, பெற்றவர் இன்னார். தவறுக்கு வருந்துகிறோம். யாருடைய தவறு என்று அதில் இல்லை. யார் வருந்துகிறார்கள் என்றும் இல்லை. அப்படி ஒரு வழவழப்பான மறுப்பை நம் இலாகாவில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் எழுதவில்லை. ராவ் சார் ஒரு கமாவைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் செகந்திராபாத் போகும் கம்பெனி பஸ்ஸில்தான் உன்னிடம் அதைச் சொன்னேன்.

"திருடினவன் அவன். ரசீது எழுதிக் கொடுத்தவ நீ."

சிரித்தாய். "எவனாச்சும் எழுதத்தான் போறான். அவன் எழுதினா, ஆர்வக் கோளாறுல ஊழியர் பண்ணதுன்னு எழுதுவான். யாதய்யாவுக்கு மெமோ, உனக்கு மெமோ. நான் எழுதினா யார் பேரும் இல்ல."

"உன் பேரும் இல்ல."

"அது நேத்தே இல்லடி."

"நீ எழுத மாட்டேன்னு சொல்லியிருக்கணும். ஒருத்தியாவது சொல்லியிருக்கணும்."

"சொல்லிட்டு? உங்கப்பா ரயில்வேல இருக்காரு, உனக்கு வீடு இருக்கு. எனக்கு இந்த வேலதான் வீடு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "நக்கோ டீ. விடு. தலை வலிக்குது."

நீ சொன்னது சரிதான். இன்றும் சரிதான். ஆனாலும் நீ எழுதியிருக்கக்கூடாது என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் உண்மையாக இருந்து தொலைக்கிறது.

உன்னைத் தனியாக விட மனமில்லாமல் பஸ் மாறி நானும் கூட வந்தேன். போலாரத்தில் இறங்கினால், உன் வீட்டு வாசலில் பாதித் தெரு. பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸே பேப்பரை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தார். அம்மா தெருவுக்கே பூந்தி கொடுத்துக்கொண்டிருந்தார். உன்னைப் பார்த்ததும் உன் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் முறித்தார். "டெல்லிக்காமே! உங்க நைனா இருந்தா மெஸ்ஸு பூரா கேசரி கிண்டியிருப்பாருடி" என்று அழுதார்.

நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறக்காதே என்ற பார்வை. தட்டில் பூந்தியோடு நான் உட்கார்ந்திருந்தேன். நீ முற்றத்தில் காலைக் கழுவிக்கொண்டே, அன்றைக்கு வாங்கிய காய்கறி விலையைச் சொல்வதுபோல, சொன்னாய்.

"வேணாம்னு சொல்லிட்டேம்மா."

"இன்னா?"

"ஒரு வருசம். உன்ன யாரு பாக்கறது? அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

மறுப்பு இரண்டு நாள் கழித்து உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புக்குக் கீழே வந்தது. உன் தெருவில் யார் கண்ணிலும் படவில்லை. அம்மாவிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று மறுநாள் கேட்டேன். "பேப்பர்ல வந்தத பொய்னு எப்டிடி சொல்றது? வேணாம்னு சொன்னா அவளுக்குப் பெருமை. குடுக்கலன்னு சொன்னா அசிங்கம்" என்றாய். அந்த வீட்டுக்கும் ஒரு பிரஸ் நோட் கொடுத்துவிட்டாய். அதற்கு மறுப்பு வெளியிட மறந்துவிட்டாய்.

அடுத்த வருடம் நீ விண்ணப்பிக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. கலர் டிவி வந்தது, ராவ் சார் ஜி.எம். ஆனார், நம் மேஜை அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பையன் டெல்லியிலிருந்து திரும்பி வந்து ஆபீசரானான். உருதுப் பேப்பரில் ஏதாவது வர வேண்டுமென்றால் உனக்குத்தான் போன் செய்வான், "அக்கா, கொஞ்சம் பேசுங்களேன்" என்று. நீயும் பேசினாய். நான் பல்லைக் கடிப்பேன். "அவனுக்குத் தெரியாதுடி, பாவம். தான் ஜெயிச்சதா நெனச்சிகினு இருக்கான்" என்பாய்.

போன மழைக்காலத்தில் நிருபர்களை வெளியூர்த் தொழிற்சாலை பார்க்கக் கூட்டிப் போனார்கள். பஸ்ஸில் நிருபர்களும் ஆபீசர்களும். பின்னால் ஜீப்பில் அன்பளிப்புப் பைகள். பைகளோடு அசிஸ்டென்ட். அதாவது நீ. திரும்பும்போது நெடுஞ்சாலையில் லாரி ஜீப்பை அடித்தது. பஸ்ஸுக்கு ஒரு கீறல் இல்லை. கதவு திறந்து பைகள் சாலை முழுவதும் சிதறிக் கிடந்தன என்று டிரைவர் சொன்னார். அவருக்குக் கை முறிந்தது. உனக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஆபீசர் கிரேடு இருந்திருந்தால் உனக்கு பஸ்ஸில் இடம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

உன் மரணத்தைப் பற்றிய பிரஸ் நோட்டை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். நடந்த பிறகு நான் எழுதிய முதல் பிரஸ் நோட் அது.

பேப்பர்கள் உன்னைப் பற்றி நன்றாக எழுதின. உன்னிடம் டீ வாங்கிக் குடித்தவர்கள். அதைப் பார்த்துத்தான் சங்கம் கண்ணைத் திறந்தது. இரங்கல் கூட்டத்தில் உன் பெயரை உதவித்தொகைக்கு வைக்க வேண்டும் என்று எழுந்து சொன்னவன் அந்தப் பையன்தான். சொல்லும்போது குரல் உடைந்து அழுதான். நடிப்பு என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிஜமாகவே அழுதான்.

இன்று காலை அந்த இரண்டாம் பத்தியைப் பார்த்ததும் செயலாளருக்கு போன் செய்தேன். அதே செயலாளர்.

"சார், அவள் உதவித்தொகை வாங்கவில்லையே."

"வாங்கினாளே அம்மா. சங்க ஆல்பத்தில் பேப்பர் ஒட்டியிருக்கிறதே."

"மறுப்பும் வந்தது சார்."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. அவருக்கு நினைவு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "அதை யார் பார்த்தார்கள்? அந்தம்மா மேடைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் பெருமை, நமக்கும் பெருமை. நல்ல நேரத்தில் எதற்கு அம்மா இதெல்லாம்?"

அன்று உன்னிடமிருந்து பிடுங்கியதை இன்று கொடுத்ததாகவே எழுதிக்கொள்கிறார்கள், உன் எதிர்ப்பு இல்லாமல். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த மேஜையில் இத்தனை வருடம் உட்கார்ந்ததில், கோபப்பட ஆரம்பிக்கும் முன்பே களைப்பு வந்துவிடுகிறது. "உண்மையைப் போடுகிறேன்" என்று சொல்லி போனை வைத்திருப்பேன். எளிதான காரியம். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, தேர்வாகியும் மறுக்கப்பட்டவர் என்று போட வேண்டியதுதான். செய்தி வெளியே போனபின் ராவ் சார் என்ன மறுப்பு வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். நான் எழுத மாட்டேன்.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போலாரத்துக்குப் போயிருந்தேன். அம்மாவை மேடைக்கு அழைக்க. தமிழ் தெரிந்தவள் என்று என்னைத்தான் அனுப்பினார்கள். சுவரில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் உன் படம். உன் படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்தப் பேப்பர் துண்டு. மஞ்சளாகிவிட்டது. அம்மா அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு பேசினார்.

"இது வந்தப்போ போயிருக்கணும் அது. நான்தான் பாவி. என்ன வுட்டுட்டுப் போவ மனசு வரல அதுக்கு."

"அப்படி இல்லம்மா."

"இல்லன்னா? எங்கிட்டதான சொல்லுச்சி, உன்ன யாரு பாக்கறதுன்னு. போயிருந்தா ஆபீசரா வந்திருக்கும். பஸ்ல போயிருக்கும். அந்த ஜீப்புல எதுக்குக் குந்தப் போவுது? நான் ஒருத்தி இருந்ததாலதான..."

நான் அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். "கைக்குமா? எதுக்கு நீ அழுவறே? நீ இன்னா பண்ணே?"

கேட்டாயா? உன் அம்மா உன்னைத் தானே ஜீப்பில் ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பெருமை இருக்கட்டும் என்று நீ கொடுத்த அந்தச் செய்தியால். உண்மையைச் சொன்னால் அந்தப் பழி அவர்மேலிருந்து இறங்கும். கூடவே அந்தக் கண்ணாடிச் சட்டமும் சுவரிலிருந்து இறங்கும். அவரிடம் உன்னுடையது என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். சொல்லாவிட்டால் மேடையேறி, உன் பெயர் போட்ட உறையை எவனோ ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் இன்னொரு முறை தன்னையே சபித்துக்கொள்வார். அந்த மேடையில் அவருக்கு மாலை போடப்போகும் கை, உன் பெயருக்குப் பதில் வேறு பெயரைப் படித்த வாய்க்குச் சொந்தக்காரருடையது.

உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது என்ன என்று யாராவது கேட்டால் நட்பு, தைரியம் என்று ஏதாவது சொல்லி வைக்கலாம். நிஜத்தில் தங்கியது இதுதான். உன் அம்மாவுக்கு நீ சொன்ன ஒரு வரி. அதை நீ என் எதிரில் சொன்னாய். கேட்ட ஒரே சாட்சி நான்.

விழா நாளைக்கு. வழக்கப்படி எல்லாம் நடந்து முடிந்ததாக அடித்துவிட்டேன். பெருந்திரளானோர் கலந்துகொண்டனர். அன்னாரின் தாயார் உதவித்தொகையை வழங்கினார். கைதட்டலுக்கு முன் எந்தச் சொல்லும் போடவில்லை, அது உனக்காக. இரண்டாம் பத்தியில் மட்டும் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். யாதய்யா உறைகளில் முகவரி ஒட்டிவிட்டு, சைக்கிளைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார். புட்டியின் மூடி இன்னும் திறந்தே இருக்கிறது. அறை முழுக்க உன் சுண்டுவிரல் வாசனை.

அவர்கள் கேட்டபோது அரை மணிக்குள் எழுதிக் கொடுத்தாய். ஒரு கமா பிசகவில்லை. இப்போது நான் கேட்கிறேன். அவர்களுக்காக இல்லை, எனக்காகவும் இல்லை, போலாரத்தில் அந்தச் சட்டத்துக்கு முன்னால் நிற்கும் உன் அம்மாவுக்காக. பெருமையும் போகாமல், பழியும் மிஞ்சாமல், ஒரு மறுப்பு. இரண்டே வரி.

எழுதிக் கொடு.